ஓட்டுநரை எடைபோடப் புள்ளிப் பட்டியல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஃபார்முலா 1 பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்குச் சில நாள்கள் முன்னதாக, ரெட் புல் தன் இரண்டு அணிகளுக்குமான 2026-ஆம் ஆண்டு ஓட்டுநர்களை அறிவித்தது. மாக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்கு இணையாக ஐசாக் ஹஜார் முதன்மை அணிக்கு உயர்த்தப்பட்டார். அதன் இளைய அணியான ரேசிங் புல்ஸில் லியாம் லாசனுடன் அர்விட் லிண்ட்பிளாட் சேர்க்கப்பட்டார். 2025-இல் வெர்ஸ்டாப்பனுக்கு இணையாக ஓட்டிய யூகி சுனோடா, ரிசர்வ் (மாற்று) ஓட்டுநராக ஒதுக்கப்பட்டார். தங்கள் விளையாட்டுப் பக்கம் இச்செய்தியை வெளியிட்டபோதும், பருவம் முடிந்தபின் வந்த மதிப்பீட்டுக் கட்டுரையிலும், வெர்ஸ்டாப்பன் 421 புள்ளி, சுனோடா 33 புள்ளி என்ற இரண்டு எண்களை அருகருகே வைத்து, நீக்கம் நியாயமே என்று கணக்கு முடிக்கப்பட்டிருந்தது. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு எண்களைக் கொண்டு அந்த முடிவுக்கு வர முடியாது என்பதைச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்த 33-ஐப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் 3 புள்ளிகள், ஷாங்காயில் நடந்த ஸ்பிரின்ட் (குறுந்தூர) பந்தயத்தில், ரேசிங் புல்ஸ் காரில் அவர் எடுத்தவை. முதல் இரண்டு போட்டிகளுக்குப் பின் லாசனுக்குப் பதிலாக ரெட் புல் காருக்கு மாறி, அதில் ஓட்டிய 22 போட்டிகளில் அவர் எடுத்தது 30. அதே 22 போட்டிகளில் வெர்ஸ்டாப்பன் எடுத்தது 385. பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. இவ்வளவு பெரிய பள்ளத்தைக் காணும் வாசகர், இருவரின் வேகத்துக்கும் நடுவில் அதே அளவு பள்ளம் இருந்திருக்கும் என்றுதான் எண்ணுவார். ஃபார்முலா 1 புள்ளிகள் வேகத்தை அளப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்று மேலே செங்குத்தாகவும் கீழே சரிவாகவும் இறங்கும் அந்த ஏணியில் பத்தாவதாக வருபவருக்கு ஒரு புள்ளி உண்டு. மயிரிழையில் பதினொன்றாவதாக வருபவருக்கு ஒன்றுமில்லை.

பந்தயத்தின் தொடக்க வரிசையை முடிவுசெய்வது, மூன்று பகுதிகளாக நடக்கும் தகுதிச்சுற்று. 2025 ஹங்கேரி தகுதிச்சுற்றை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியிலேயே 16-ஆவது இடத்தோடு சுனோடா வெளியேறினார். தலைப்புகள் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே பகுதியில் அவருக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் இடையே இருந்தது 0.2 விநாடிக்கும் குறைவான இடைவெளி. காரே அன்று பின்தங்கியிருந்தது. வெர்ஸ்டாப்பனால் தகுதிச்சுற்றில் 8-ஆவது இடத்தையும் பந்தயத்தில் 9-ஆவது இடத்தையும் மட்டுமே பிடிக்க முடிந்தது. இருபது கார்களும் நெருக்கியடித்துக்கொண்டு ஓடிய ஆண்டில், அந்த நூலிழை இடைவெளிக்குள் பல இடங்கள் அடங்கிவிட்டன.

இதே தடத்தில் 2023-இல் நடந்ததை இதனுடன் ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். அந்த ஆண்டு ரெட் புல் 22 பந்தயங்களில் 21-ஐ வென்றது. ஹங்கேரியில் அப்போதைய இரண்டாவது ஓட்டுநர் செர்ஜியோ பெரெஸ் 9-ஆவது இடத்திலிருந்து தொடங்கி 3-ஆவதாக வந்தார். தகுதிச்சுற்றில் ஏற்பட்ட சறுக்கலை ஞாயிற்றுக்கிழமை காரின் கூடுதல் வேகம் ஈடுகட்டிவிட்டது. பருவ முடிவில் வெர்ஸ்டாப்பனுக்கு 575, பெரெஸுக்கு 285. ஏறக்குறைய பாதி, உலக வரிசையில் இரண்டாமிடம். வெர்ஸ்டாப்பனைவிட ஒரு சுற்றுக்கு அதே பத்தில் சில பங்கு விநாடி பின்தங்கும் ஒருவர், 2023-இன் காரில் இருந்தால் முதல் மூவருக்கான மேடை ஏறுவார். 2025-இன் காரில் இருந்தால் புள்ளியின்றித் திரும்புவார். பெரெஸின் பாதிப் பங்கையும் சுனோடாவின் பன்னிரண்டில் ஒரு பங்கையும் ஒப்பிட்டு, முன்னவர் பின்னவரைவிடப் பல மடங்கு சிறந்தவர் என்று யாரேனும் எழுதினால், அவர் ஓட்டுநர்களை அல்ல, இரண்டு ஆண்டுகளின் கார்களையே ஒப்பிடுகிறார்.

அப்படியானால் எதை வைத்து அளப்பது? சக்கரங்கள் மூடப்படாத கார்கள் ஓடும் திறந்த சக்கரப் பந்தயத்தில் ஒரே அணியின் இன்னொரு ஓட்டுநரே முதல் அளவுகோல் என்பது பழைய உண்மை. வேறு எவரும் அதே காரை ஓட்டுவதில்லை. ஆனால் அந்த ஒப்பீட்டையும் கவனமாகச் செய்தாக வேண்டும். தகுதிச்சுற்றில் இருவரும் கடைசியாகச் சேர்ந்து பங்கேற்ற பகுதியின் நேரங்களையே எடுக்க வேண்டும். ஒருவர் இரண்டாம் பகுதியில் வெளியேறி மற்றவர் மூன்றாம் பகுதிவரை சென்றிருந்தால், தடத்தில் ரப்பர் படிந்து வேகம் கூடியபின் எடுத்த நேரத்தை முன்னவரின் நேரத்தோடு கழித்துப் பார்ப்பது அநியாயம். இடைவெளியை விநாடியில் சொல்லாமல் சதவீதத்தில் சொல்ல வேண்டும். ஏனெனில் மொனாக்கோவில் ஒரு சுற்று ஏறத்தாழ 70 விநாடி, ஸ்பாவில் ஏறத்தாழ 100 விநாடி. அதே 0.2 விநாடி முன்னதில் 0.29 சதவீதம், பின்னதில் 0.2 சதவீதம். மழை பெய்த சுற்றுகள், சிவப்புக் கொடியால் தடைப்பட்ட சுற்றுகள், முன்னால் சென்ற காரால் கெட்ட சுற்றுகள் ஆகியவற்றை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றில் சராசரிக்குப் பதில், வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை எடுப்பது நல்லது. சராசரியாக எடுத்தால் ஒரு வளைவில் சுழன்று நின்ற ஒரே ஒரு சுற்று பருவம் முழுவதையும் கறைப்படுத்திவிடும்.

பந்தய வேகத்தை அளப்பது இன்னும் கடினம். தொடக்கத்தில் நூறு கிலோவை ஒட்டிய எரிபொருளைச் சுமந்து ஓடும் கார், பத்துக் கிலோ குறையும்தோறும் சுற்றுக்குச் சுமார் 0.3 விநாடி வேகம் பெறுகிறது. டயர் தேய்வு அந்த ஆதாயத்தைத் தின்றுவிடுகிறது. முன்னால் ஒரு கார் இருந்தால் அதன் கலங்கிய காற்றில் இறக்கை பிடிமானம் இழக்கிறது, டயர் சூடேறுகிறது. எனவே பின்னால் மாட்டிக்கொண்ட ஓட்டுநரின் சுற்று நேரம் அவருடைய வேகத்தைக் காட்டாது, முன்னால் செல்பவரின் வேகத்தையே காட்டும். பதினைந்தாவதாகத் தொடங்கிய ஒருவரின் பந்தயச் சராசரியை முதலில் தொடங்கியவரின் சராசரியோடு ஒப்பிட்டு “பந்தய வேகமும் இல்லை” என்று எழுதுவதைத் தமிழில் மட்டுமல்ல, ஆங்கிலப் பத்திரிகைகளிலும் காண்கிறோம். ஒரே குறையை இரண்டு முறை எண்ணும் பிழை அது.

இத்தனைக்கும் பிறகும், ஒரே அணியின் இரண்டு கார்கள் ஒரே கார் என்பது பாதி உண்மைதான். இமோலா தகுதிச்சுற்றில் சுனோடா காரைக் கவிழ்த்தார். அது அவருடைய தவறு, அதில் ஐயமில்லை. அதன்பின் சில வாரங்கள் புதிய வடிவமைப்பின் பாகங்கள் வெர்ஸ்டாப்பனுக்கு இருந்த அளவுக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. ஸ்பாவில் புதிய அடித்தட்டு அவர் காரில் பொருத்தப்பட்டவுடன் தகுதிச்சுற்றில் 7-ஆவது வந்தார். பந்தயத்தில் டயர் மாற்ற உள்ளே வரச் சொல்லும் பிட் அழைப்பு தாமதமானதால் புள்ளி கைநழுவியது. கடைசியாக அபுதாபியில், தகுதிச்சுற்றில் வெர்ஸ்டாப்பனுக்கு முன்னால் ஓடி அவருக்குக் காற்றுத்தடையைக் குறைத்துக் கொடுக்கவும், பந்தயத்தில் பட்டத்துக்குப் போட்டியிட்ட மெக்லாரனின் லாண்டோ நாரிஸை மறித்துத் தாமதப்படுத்தவும் அவர் பயன்படுத்தப்பட்டார். மறித்த விதத்துக்காக ஐந்து விநாடி தண்டனையும் பெற்றார். அணிக்காகச் செய்த அந்த வேலைக்குப் புள்ளிப் பட்டியலில் இடமில்லை. இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தாலும் சுனோடா வெர்ஸ்டாப்பனுக்கு அருகில் வந்துவிட மாட்டார் என்பதே என் கணிப்பு. ஆனால் வாசகருக்குத் தேவைப்படுவது உண்மையான தூரம்; அது 421-க்கும் 33-க்கும் இடையிலுள்ள தூரம் அல்ல.

தங்கள் கட்டுரை தொடாமல் விட்ட பெரிய கேள்விக்கு இப்போது வருகிறேன். டேனியல் ரிக்கியார்டோ 2018 முடிவில் ரெட் புல்லை விட்டு வெளியேறியபின் அந்த இரண்டாவது இருக்கையில் அமர்ந்தவர்கள் ஐவர். பியர் காஸ்லி 2019-இல் 12 பந்தயங்களோடு இறக்கப்பட்டார். அப்போது வெர்ஸ்டாப்பனுக்கு 181 புள்ளி, அவருக்கு 63. அலெக்ஸ் ஆல்பன் 2020 முழுவதும் ஓட்டி, வெர்ஸ்டாப்பனின் 214-க்கு எதிராக 105 எடுத்து வெளியேறினார். பெரெஸ் நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்து, ஐந்து பந்தயங்களை வென்று, 2024-இல் 437-க்கு எதிராக 152 என்று சரிந்தார். லாசனுக்கு இரண்டே பந்தயங்கள். பிறகு சுனோடா. இவர்களில் காஸ்லி, இறக்கப்பட்ட அதே ஆண்டில் பிரேசிலில் ரெட் புல்லின் இளைய அணியான டோரோ ரோசோவின் காரில் இரண்டாவதாக வந்தார். 2020-இல் மோன்சாவில் வென்றார். ஆல்பன் வில்லியம்ஸ் அணியின் தூணாகவே ஆகிவிட்டார். திறமையற்றவர்களைத் தொடர்ந்து ஐந்து முறை தேர்ந்தெடுக்கும் அளவுக்கு அந்த அணியினர் விவரம் தெரியாதவர்கள் அல்லர். ஒருவர் தோற்றால் ஆளைச் சந்தேகிக்கலாம். ஐவரும் ஒரே இடத்தில் தோற்றால் இருக்கையைச் சந்தேகிப்பதுதான் முறை.

அந்த இருக்கையில் என்ன இருக்கிறது என்பது பரம ரகசியமும் அல்ல. வெர்ஸ்டாப்பனுக்குக் காரின் முன்பகுதி கத்திபோலக் கூர்மையாகத் திரும்ப வேண்டும். அதற்கு ஈடாகப் பின்பகுதி தளர்ந்து ஆடினாலும் அவர் சமாளித்துவிடுகிறார். ஆல்பன் பின்னாளில் இதை விளக்கியபோது, கணினி விளையாட்டில் சுட்டியின் வேகத்தை உச்சத்தில் வைத்துவிட்டால் கை சற்று அசைந்தாலும் அம்புக்குறி திரை முழுவதும் பாயுமே, அந்தக் கார் அப்படித்தான் என்றார். தடத்தில் இது வெளிப்படும் இடம் மிகச் சிறியது. வளைவுக்குள் நுழைகையில், பிரேக்கிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்த அரை விநாடியில், எடை முழுவதும் முன் சக்கரங்கள்மீது சாய்ந்திருக்கிறது, பின் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. பின்பகுதி விலகினாலும் பிடித்துக்கொள்ளலாம் என்று நம்புபவர் பிரேக்கைத் தாமதமாக மிதிக்கிறார், ஸ்டியரிங்கை ஒரே அசைவில் திருப்புகிறார். நம்பாதவர் சில மீட்டர் முன்பே பிரேக் போடுகிறார், கார் நிலைகொள்ளும்வரை ஒரு கணம் காத்திருக்கிறார், அதனால் வளைவின் நடுவில் குறைந்த வேகத்தில் இருக்கிறார், ஆக்சிலேட்டரையும் தாமதமாகவே மிதிக்க முடிகிறது. ஒரு வளைவில் இழப்பது நூறில் இரண்டு மூன்று பங்கு விநாடி. பதினைந்து வளைவுகள் உள்ள தடத்தில் அது சுற்றுக்கு 0.3, 0.4 என்று சேர்ந்துவிடுகிறது. காரின் வேகம், பிரேக் முதலியவற்றைப் பதிவுசெய்யும் டெலிமெட்ரிக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பொறியாளர்களுக்கு இது கண்கூடு. தைரியக் குறைவு, சோம்பல், கவனமின்மை என்றெல்லாம் நாம் எழுதுவதில் பெரும்பகுதி, பின் சக்கரங்கள்மீதான அந்த ஒரு கண நம்பிக்கையைப் பற்றியது.

இந்தப் பின்னணியில்தான் லாசனின் கதையைப் பார்க்க வேண்டும். 2025-இன் நடுப்பருவ மாற்றங்களில் மிக மோசமான அளவீட்டின்மீது எடுக்கப்பட்ட முடிவு அதுதான் என்று கருதுகிறேன். அவர் முதன்மை அணிக்கு உயர்த்தப்பட்டபோது ஓட்டியிருந்தவை 11 கிராண்ட் பிரீ பந்தயங்கள் மட்டுமே. முதல் இரண்டு சுற்றுகள் நடந்த மெல்போர்ன், ஷாங்காய் தடங்கள் இரண்டுமே அவருக்குப் புதியவை. மெல்போர்னில் மூன்றாவது பயிற்சி அமர்வை எஞ்சின் கோளாறால் இழந்தார், தகுதிச்சுற்றில் 18-ஆவது, மழையில் நடந்த பந்தயத்தை முடிக்கவில்லை. ஷாங்காய் ஸ்பிரின்ட் வார இறுதி என்பதால் அங்கே கிடைத்தது ஒரே ஒரு பயிற்சி அமர்வு. இரண்டு தகுதிச்சுற்றுகளிலும் கடைசி இடம். அதோடு கதை முடிந்தது. மூன்றாவது சுற்று சுசுகாவில். 2023-இல் ஜப்பானின் சூப்பர் ஃபார்முலா தொடரில் ஓட்டி இரண்டாமிடம் பெற்ற லாசனுக்கு நன்கு பழக்கமான தடம் அது. ஒருவரின் வேகத்தை அளக்க விரும்பும் அணி, தெரியாத இரண்டு தடங்களில் சோதித்துவிட்டு, தெரிந்த தடம் வரும் வாரத்தில் அவரைக் கீழிறக்குமா? சுசுகா சுனோடாவின் தாய்நாட்டுத் தடம் என்பதும், அணியின் அப்போதைய எஞ்சின் கூட்டாளி ஜப்பானின் ஹோண்டா என்பதும் அனைவரும் அறிந்தவை. அவை முடிவில் எவ்வளவு எடை பெற்றன என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை.

சுசுகா தகுதிச்சுற்றில் நடந்ததை அப்போது யாரும் பெரிதுபடுத்தவில்லை. ரேசிங் புல்ஸ் காருக்கு இறக்கப்பட்ட லாசன் 14-ஆவது; ரெட் புல் காருக்கு உயர்த்தப்பட்ட சுனோடா 15-ஆவது. செப்டம்பரில் பாக்குவில் லாசன் தகுதிச்சுற்றில் 3-ஆவதாக வந்து, பந்தயத்தை 5-ஆவது இடத்தில் முடித்தார். அவருக்கு நேர் பின்னால், 6-ஆவதாக, ரெட் புல் காரில் அவரைத் தாண்ட முடியாமல் வந்தவர் சுனோடா. அதே பந்தயத்தை அதே ரெட் புல் காரில் வென்றவர் வெர்ஸ்டாப்பன். ஓட்டுநர், இருக்கை, கார் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஒரு பந்தயத்தின் முடிவே போதுமான சான்று. மெல்போர்னில் பந்தயம் தொடங்குவதற்கு முன்பான ஃபார்மேஷன் சுற்றிலேயே சுழன்று மோதி நின்றவர் ஹஜார். அதை வைத்து அவருடைய அணி அவரை ஒதுக்கிவிடவில்லை. ஆகஸ்டின் கடைசியில் சாண்ட்வூர்ட்டில் அவர் மூன்றாவதாக வந்து மேடை ஏறினார். ஒரே நிறுவனத்தின் இரண்டு அணிகளுக்குள் பொறுமையின் அளவு இவ்வளவு வேறுபட்டிருந்தது.

பொறுமை என்ன தரும் என்பதை வில்லியம்ஸ் அணியில் காணலாம். ஃபெராரியிலிருந்து வந்த கார்லோஸ் சைன்ஸ், கோடை இடைவேளைக்கு முந்தைய 14 சுற்றுகளில் எடுத்தது 16 புள்ளி. அதே காலத்தில் ஆல்பன் 54. பந்தயங்களை வென்ற அனுபவசாலி ஒருவர் புதிய காரில் பாதிப் பருவத்துக்கும் மேலாகத் தடுமாறினார்; அதில் தவறு, துரதிர்ஷ்டம், அணியின் கோளாறு எல்லாமே கலந்திருந்தன. கடைசிப் பத்துச் சுற்றுகளில் சைன்ஸ் 48, ஆல்பன் 19. பாக்குவிலும் கத்தாரிலும் சைன்ஸ் மூன்றாவதாக மேடை ஏறினார். முடிவில் ஆல்பன் 73, சைன்ஸ் 64. ஜூலையில் எழுதப்பட்ட தீர்ப்பும் டிசம்பரில் எழுதப்பட்ட தீர்ப்பும் நேரெதிராக இருந்திருக்கும். ஓட்டுநர் அதே சைன்ஸ்தான். ஏழு முறை உலக சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் ஃபெராரியில் தன் முதல் ஆண்டில் ஷாங்காய் ஸ்பிரின்டை வென்றும், ஒரு கிராண்ட் பிரீயில்கூட மேடை ஏறாமல், சார்ல் லெக்லெர்க்கின் 242-க்கு எதிராக 156 புள்ளிகளோடு முடித்ததையும் இதனோடு சேர்த்தே பார்க்கிறேன். காருக்குப் பழகுவது என்பது சாக்கு அல்ல, அளக்கக்கூடிய ஒரு காலம்.

ஹாமில்டன் பெயரை எடுத்ததால் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2010 முதல் 2012 வரை மெக்லாரனில் அவரும் ஜென்சன் பட்டனும் ஒன்றாக ஓட்டினார்கள். மூன்று ஆண்டுகளின் கூட்டுத்தொகை பட்டனுக்கு 672, ஹாமில்டனுக்கு 657. வெற்றிகளோ ஹாமில்டனுக்கு 10, பட்டனுக்கு 8. 2012-இல் சிங்கப்பூரிலும் அபுதாபியிலும் முன்னிலையில் இருந்தபோது ஹாமில்டனின் கார் நின்றுபோனது. அந்த இரண்டு பந்தயங்கள் மட்டும் முடிந்திருந்தாலே கூட்டுத்தொகை திரும்பியிருக்கும். மறுபக்கம், 2011-இல் ஹாமில்டன் தேவையற்ற மோதல்களில் சிக்கிக்கொண்டிருந்தபோது பட்டன் நிதானமாகப் புள்ளி சேர்த்தார் என்பதும் உண்மை. எனவே மூன்று ஆண்டுக் கூட்டுத்தொகைகூட யார் வேகமானவர் என்ற கேள்விக்கு விடை தருவதில்லை. இருபத்துநான்கு பந்தயங்களின் கூட்டுத்தொகையிடம் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது எப்படி?

ஒருவரை மற்றொருவர் வென்றார், அவரை இன்னொருவர் வென்றார் என்று சங்கிலி கோப்பதும் இப்போது பரவலாகிவிட்டது. 2014-இல் ரிக்கியார்டோ, நான்கு முறை சாம்பியனான செபாஸ்டியன் வெட்டலை 238-க்கு 167 என்று வென்றார். அடுத்த ஆண்டே ஃபெராரிக்குச் சென்ற வெட்டல் மூன்று பந்தயங்களை வென்று, கிமி ராய்க்கோனனை 278-க்கு 150 என்று பின்னுக்குத் தள்ளினார். ரிக்கியார்டோவோ 2022-இல் மெக்லாரனில் நாரிஸின் 122-க்கு எதிராக 37 எடுத்து, ஒப்பந்தம் முடியும் முன்பே இடம் இழந்தார். இந்தக் கண்ணிகளைக் கோத்தால் நாரிஸ் வெட்டலைப் பல மடங்கு விஞ்சுவார் என்று வரும். அபத்தம். ஒவ்வொரு கண்ணியிலும் வேறு கார், வேறு வயது, வேறு டயர்.

அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் நிலைமை வேறு. அங்கே அனைவருக்கும் டல்லாரா நிறுவனத்தின் ஒரே சேஸிஸ் (உடற்சட்டகம்), ஹோண்டா அல்லது செவ்ரோலே எஞ்சின். ஆகவே ஓட்டுநரின் கை தெளிவாகத் தெரியும் என்பார்கள். ஓரளவு சரிதான். 2025-இல் அலெக்ஸ் பலோ 17 பந்தயங்களில் 8-ஐயும் நான்காவது பட்டத்தையும் வென்றபோது, அதே கனாஸி அணியில் ஆறு முறை சாம்பியனான ஸ்காட் டிக்சன் ஒரே ஒரு வெற்றியோடு மூன்றாமிடத்தில் இருந்தார். பலோவின் ஆதிக்கத்துக்குக் காரை மட்டும் காரணம் காட்ட முடியாது. ஆனால் அங்கும் டேம்பர்கள் எனும் அதிர்வடக்கிகளை ஒவ்வொரு அணியும் தானே உருவாக்குகிறது, ஓவல் தடத்துக்கும் சாலைத் தடத்துக்கும் வேண்டிய கைத்திறன் வேறு. ஓட்டுநர் மாற்றங்களும் புள்ளியைப் பின்பற்றுவதில்லை: 2025-இல் பென்ஸ்கே அணியின் மூவரில் புள்ளிப் பட்டியலில் முன்னே நின்றவர் வில் பவர், பருவம் முடிந்தபின் அந்த அணியை விட்டு ஆண்ட்ரெட்டிக்குச் சென்றவரும் அவரே. அவர் இடத்துக்கு வந்தவர் இளைஞர் டேவிட் மலூக்கஸ். வயதும் எதிர்காலமும் அங்கே புள்ளியைவிட அதிக எடை பெற்றன.

செயல்திறனோடு தொடர்பே இல்லாத மாற்றங்களும் உண்டு என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. 2011-இல் எச்ஆர்டி அணியில் முதல் எட்டுப் பந்தயங்களை ஓட்டிய நரேன் கார்த்திகேயன், சில்வர்ஸ்டோனில் இருக்கையை ரிக்கியார்டோவுக்கு விட்டுக்கொடுத்தார். ரெட் புல் தன் இளம் ஓட்டுநருக்கு அனுபவம் தர அந்த இருக்கையை ஏற்பாடு செய்திருந்தது. கார்த்திகேயன் எவ்வளவு வேகமாக ஓட்டினார் என்பது அந்த முடிவில் ஒரு பொருட்டே அல்ல. 2025-இல் ஆல்பைன் அணி ஜாக் டூஹனை ஆறு பந்தயங்களோடு நீக்கிவிட்டு ஃபிராங்கோ கொலபின்டோவை அமர்த்தியது. டூஹன் எடுத்த புள்ளி பூஜ்யம். எஞ்சிய 18 சுற்றுகளில் கொலபின்டோ எடுத்ததும் பூஜ்யம். அணியின் 22 புள்ளிகளும் காஸ்லியுடையவை. கார் பட்டியலின் அடியில் கிடந்தபோது, மாற்றத்தால் மாறியது காரின்மேலிருந்த பெயர் மட்டும்தான்.

நடுப்பருவ மாற்றங்கள் எல்லாமே தவறு என்று நான் வாதிடவில்லை. 2016-இல் டேனியல் க்வியாட்டை இறக்கி, 18 வயது வெர்ஸ்டாப்பனை ரெட் புல் ஏற்றியது. பார்சிலோனாவில் முதல் பந்தயத்திலேயே அவர் வென்றார். முதல் சுற்றிலேயே இரண்டு மெர்சிடிஸ் கார்களும் ஒன்றோடொன்று மோதி வெளியேறியது அதற்கு உதவியது என்றாலும், அவர் யார் என்பதை அடுத்த ஆண்டுகள் ஐயமறக் காட்டிவிட்டன. அந்த ஒரு வெற்றியின் போதை அந்த அணிக்கு இன்னும் தெளியவில்லை என்றே தோன்றுகிறது; அதற்குப் பின் அவர்கள் செய்த நடுப்பருவ மாற்றங்கள் எதுவும் அதன் அருகில்கூட வரவில்லை. இரண்டாவது இருக்கையின் விலை என்ன என்பதும் 2025 பட்டியலில் எழுதப்பட்டிருக்கிறது: அணிகளுக்கான வரிசையில் மெர்சிடிஸ் 469, ரெட் புல் 451. வெறும் 18 புள்ளியில் இரண்டாமிடம் போனது.

2026-இல் விதிகள் தலைகீழாக மாறுகின்றன. மின்மோட்டாரின் ஆற்றல் 120 கிலோவாட்டிலிருந்து 350 கிலோவாட்டாக உயர்கிறது. நேர்ப்பாதையிலும் வளைவிலும் இறக்கைகளின் நிலை மாறும். கார்கள் சிறியவை, இலகுவானவை. ரெட் புல் ஃபோர்டின் துணையோடு தன் சொந்த எஞ்சினை ஓட்டப்போகிறது. கூர்மையான முன்பகுதியும் ஆடும் பின்பகுதியும் கொண்ட அந்தப் பழைய குணம் புதிய காரிலும் வருமா என்பதே ஹஜாரின் தலைவிதியைத் தீர்மானிக்கும். அது வராவிட்டால், அவர் வெர்ஸ்டாப்பனுக்கு நெருக்கமாக ஓடுவதை வைத்துச் சுனோடாவை மேலும் தாழ்த்துவதும் தவறாகும். காடிலாக் அணியின் வரவால் கார்கள் 22 ஆகின்றன. தகுதிச்சுற்றின் முதல் பகுதியில் ஐவருக்குப் பதில் அறுவர் வெளியேறுவார்கள். “முதல் பகுதியிலேயே வெளியேற்றம்” என்ற தலைப்புக்கு வாய்ப்பும் அந்த அளவுக்குக் கூடும். பெரெஸும் வால்டேரி பொட்டாஸும் அந்தப் புதிய அணியில் இணைந்து ஓட்டுகிறார்கள். சாம்பியன்களின் அருகில் ஆண்டுக்கணக்கில் ஓட்டிய இருவரை முதன்முறையாக ஒரே காரில் வைத்துப் பார்க்கலாம் என்பதால், பட்டத்துக்கான போட்டியைவிட அந்த ஒப்பீட்டையே நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

தங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு என் வேண்டுகோள் சிறியது. பந்தய முடிவுகளோடு புள்ளிப் பட்டியலை வெளியிடும் இடத்தில், ஒவ்வொரு அணியின் இரண்டு ஓட்டுநர்களுக்கும் இடையே தகுதிச்சுற்றில் இருந்த இடைவெளியைச் சதவீதத்தில் ஒரு வரியாகச் சேருங்கள்; ஒருவர் பழைய பாகங்களோடு ஓடியிருந்தால் ஒரு குறியிட்டு அதைச் சொல்லுங்கள். யாரேனும் இறக்கப்படும்போது, அவர் எத்தனை பந்தயங்கள் ஓட்டினார், அவற்றில் எத்தனை தடங்கள் அவருக்குப் புதியவை, எத்தனை வார இறுதிகளில் முழுப் பயிற்சி கிடைத்தது என்பதையும் செய்தியின் முதல் பத்தியிலேயே தாருங்கள். ஹஜாரைப் பற்றி வரவிருக்கும் முதல் ஐந்து பந்தயச் செய்திகளிலிருந்தே இதைத் தொடங்கலாம்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்